ஹோகார்த்தின் ‘மேரேஜ் ஆ-லா-மோட்’ அச்சு: பழையதா, பிற்கால நகலா? தென்னாப்பிரிக்க டர்பன் நகர ஈரத்தில் எப்படிக் காப்பது?

மேர்பேங்க்வாசி:

வணக்கம். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் ‘மேரேஜ் ஆ-லா-மோட்’ வரிசையில் இரண்டாவது படத்தின் அச்சு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ராத்திரி முழுக்கச் சுற்றிவிட்டு வந்து நாற்காலியில் சரிந்து கிடக்கும் கணவன், எதிரே சோம்பல் முறிக்கும் மனைவி, பில் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வீடு உருப்படாது என்று வெளியேறும் கணக்குப்பிள்ளை. படம் மட்டும் சுமார் 44 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம். அடியில் ‘என்கிரேவ்டு பை பி. பரோன்’ என்றும், பார்லிமென்ட் சட்டப்படி 1745 ஏப்ரல் 1 என்றும் இருக்கிறது.

குழப்பம் என்னவென்றால், லண்டன் நேஷனல் கேலரி ஓவியத்தில் கணவன் வலப்பக்கம். என்னிடம் உள்ளதில் இடப்பக்கம். அப்படியென்றால் இது யாரோ போட்ட போலியா?

நிலைமை: தாளில் பழுப்புப் புள்ளிகள். மவுண்டின் (படத்தைச் சுற்றி வைக்கும் ஜன்னல் வெட்டிய அட்டை) உள் விளிம்பை ஒட்டி நான்கு பக்கமும் பழுப்புக் கோடு. தாள் அலை அலையாக நெளிந்து சில இடங்களில் கண்ணாடியைத் தொடுகிறது. கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி. பின்னால் மேசனைட் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, அதன்மேல் பழுப்புத்தாள், ஒரு பழைய லேபிள். ஜிக் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்) கலந்த தண்ணீரில் நனைத்தால் புள்ளி போய்விடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

அச்சுமை:

முதலில் கடைசிக் கேள்விக்கு: ஜிக் பக்கமே போகாதீர்கள். குளோரின் அன்றைக்கு வெளுக்கும், ஆனால் தாளின் நாரை அரித்துவிடும். வீட்டில் அதை முழுக்க அலசி எடுக்க முடியாது. கொஞ்ச காலத்தில் தாள் மொறுமொறுவென்று ஒடியும், பழுப்பும் திரும்பி வரும்.

இடம் வலம் மாறியது போலிக்கு அடையாளம் இல்லை. நேர்மாறாகச் சொன்னால் அது உங்களுக்குச் சாதகம். ஹோகார்த் 1743 வாக்கில் ஆறு ஓவியங்களையும் தீட்டியதே செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து விற்கத்தான். செதுக்குபவர் ஓவியத்தைப் பார்த்தபடியே தகட்டில் இறக்குவார். அச்சில் அது கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி விழும். 1745-இல் வந்த ஆறு அச்சுகளும் அப்படித்தான். ஆகவே ஓவியம் இருக்கும் அதே திசையில் ஓர் அச்சு கிடைத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். ஒன்று, அது ஓவியத்தைப் படம் பிடித்து அடித்தது. அல்லது வேறொருவர் அச்சைப் பார்த்து மறுபடி செதுக்கியபோது இன்னொரு முறை திரும்பியது.

பெயரும் சரியாக இருக்கிறது. இந்த வேலைக்குப் பிரெஞ்சுச் செதுக்கர்களை அமர்த்தினார் ஹோகார்த். ஒன்றும் ஆறும் ஸ்கோட்டின் என்பவர், இரண்டும் மூன்றும் பரோன், நான்கும் ஐந்தும் ராவனே. இரண்டாம் தகட்டில் பரோன் பெயர் இல்லாமல் ‘டி. குக்’ என்று இருந்திருந்தால், 1800 வாக்கில் தாமஸ் குக் புதிதாகச் செதுக்கிய நகல் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் 1745 என்று இருப்பதால் தாளும் 1745 ஆகிவிடாது. அந்தத் தேதி தகட்டில் செதுக்கியது; எந்த வருடம் அச்சடித்தாலும் கூடவே வரும். ஹோகார்த் 1764-இல் இறந்த பிறகு மனைவி ஜேன் விற்றார், பின்னர் தகடுகள் அச்சு வெளியீட்டாளர் பாய்டெல் கைக்குப் போயின. 1822-இல் செதுக்கர் ஜேம்ஸ் ஹீத் தேய்ந்த கோடுகளை மறுபடி ஆழப்படுத்த, பால்ட்வின், கிராடக் அண்டு ஜாய் வெளியிட்ட பெரிய தொகுப்பும் இதே தகடுகளிலிருந்துதான். எல்லாவற்றிலும் ஏப்ரல் 1, 1745 தான் இருக்கும். வயதைத் தாள்தான் சொல்லும்.

சட்டத்திலிருந்து எடுத்த பிறகு இப்படிப் பாருங்கள். 10 மடங்கு லென்ஸ் ஒன்று, சின்ன டார்ச் ஒன்று போதும்.

தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இரண்டரை செ.மீ. இடைவெளியில் இணையான வெளிர் கோடுகள், அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய வரிகள் தெரிந்தால் அது கம்பிச்சல்லடையில் வார்த்த லெய்ட் காகிதம். எந்தக் கோடும் இல்லாமல் சீராக இருந்தால் வோவ் காகிதம். வோவ் காகிதத்தில் முதல் பெயர்பெற்ற புத்தகம் வந்ததே 1757-இல். அது பரவலானது அந்த நூற்றாண்டின் கடைசியில். ஆக, வோவ் என்றால் 1745-ஆம் ஆண்டு அச்சு இல்லை, அவ்வளவுதான். லெய்ட் என்றால் மட்டும் பழையது என்று துள்ள வேண்டாம், இன்றைக்கும் லெய்ட் காகிதம் செய்கிறார்கள்.

அடுத்து டார்ச்சைத் தாளோடு படுக்கையாகச் சாய்த்து அடியுங்கள். தகட்டின் விளிம்பு தாளை அழுத்திய பள்ளம் நான்கு பக்கமும் தெரிய வேண்டும். இந்தத் தகடு ஏறக்குறைய 46 க்கு 38 செ.மீ., அதனால் படத்துக்கு வெளியே ஒரு செ.மீ. சுற்றளவில் தேடுங்கள். ஓரத்தை யாராவது வெட்டியிருந்தால் பள்ளம் காணாமல் போயிருக்கும். பிற்கால நகல்களில் போலிப் பள்ளமும் போடுவார்கள், எனவே இது மட்டும் சான்று ஆகாது.

லென்ஸை மனைவியின் முகத்தில் வையுங்கள், அங்கேதான் வண்டவாளம் வெளியே வரும். உளியால் செதுக்கிய கோடு ஊசிமுனையாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும். அமிலம் தின்ற கோடு ஒரே தடிமனில் ஓடி மொட்டையாக நிற்கும். இரண்டும் கலந்திருப்பது வழக்கம்தான். கோட்டுக்குப் பதில் வரிசையாகப் புள்ளிகளோ, பூப்போல வட்டமாகச் சேர்ந்த வண்ணப் புள்ளிகளோ தெரிந்தால் அச்சகத்தில் அடித்த நகல். கன்னத்து நிழலில் மெல்லிய கோடுகள் காணாமல் போய் வெள்ளைத் திட்டாக இருந்தால் தகடு தேய்ந்த காலத்து அச்சு. அதே இடத்தில் கோடுகள் கறுப்பாகக் கனத்து, முகபாவம் விறைப்பாக இருந்தால் மறுபடி ஆழப்படுத்திய பின் எடுத்தது.

ரேண்ட் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கு இருந்தால் இருட்டில் தாளின்மேல் காட்டுங்கள். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெளுப்பூட்டி சேர்த்த தாள், 1950 வாக்குக்குப் பிந்தியது. பழைய பருத்திக் கந்தல் தாள் மங்கலாகத்தான் இருக்கும்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:

அச்சுமை தம்பி சொன்னதோடு ஒன்று. படத்தை நிதானமாகப் பார்த்தால் எந்த இடத்தில் லென்ஸ் வைக்க வேண்டும் என்று படமே சொல்லும். பணம் சேர்ந்த லண்டன் வியாபாரி, பட்டமுள்ள சம்பந்தி வேண்டும் என்று மகளைக் கொடுக்கிறார். கடனில் மூழ்கிய பிரபு, பணத்துக்காகச் சம்மதிக்கிறார். முதல் படத்தில் பேரம், இரண்டாவதில் அதன் பலன். கணவன் சட்டைப்பையிலிருந்து வேறொரு பெண்ணின் தொப்பி எட்டிப் பார்க்கிறது, நாய்க்குட்டி அதை மோப்பம் பிடிக்கிறது. கணவன் கழுத்தில் கறுப்புப் பொட்டு, பால்வினை நோய்க்கு அடையாளம். தரையில் முறிந்த வாள், கவிழ்ந்த நாற்காலி. அடுப்புத் திட்டின்மேல் மூக்கு உடைந்த சிலை. கணக்குப்பிள்ளை கையில் பில்கள் கத்தையாக, கட்டி முடித்த ரசீது ஒன்றே ஒன்று. உள்ளறையில் புனிதர்கள் படங்களுக்குப் பக்கத்தில் திரைபோட்டு மறைத்த படம் ஒன்று. திரைக்கு வெளியே வெறும் பாதம் மட்டும் தெரியும். தேய்ந்த அச்சில் முதலில் மங்குவது இந்த உள்ளறைதான். அந்தப் பாதம் தெளிவாக இருந்தால் உங்கள் அச்சு ஓரளவு முந்தியது.

நடுத்தர வர்க்கத்தை ஹோகார்த் நேராகக் கடிப்பது ஆறாவதில். வியாபாரியின் சொந்த வீடு. ஜன்னலுக்கு வெளியே பழைய லண்டன் பாலம், சாப்பாட்டு மேசையில் கஞ்சத்தனம் தெரியும் தீனி, எலும்பும் தோலுமான நாய் பன்றித்தலையை இழுக்கிறது. மகள் நஞ்சு குடித்துச் சாகிறாள், அப்பா அவள் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் பார்த்துச் சிரித்து வாங்கியவர்களும் அதே வர்க்கம்தான். ஆறும் சேர்த்து ஒரு கினி, கூலிக்காரன் வாங்குகிற விலையா அது? ஓவியங்களுக்குத்தான் பாவம் கிராக்கி இல்லை. 1751-இல் ஆறையும் ஒருவரே 120 கினிக்கு எடுத்துப் போனார்.

சட்டமும் கண்ணாடியும்:

காப்பது பற்றி நான் சொல்கிறேன். கடலோர டர்பனில் படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பின்பக்கம்தான். நீங்கள் சொன்ன அறிகுறி ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு.

மவுண்ட் விளிம்பில் பழுப்புக் கோடு: மரக்கூழ் அட்டையின் வெட்டு முனையிலிருந்து அமிலம் தாளில் இறங்கியது. மேசனைட்டும் அதே வேலையைப் பின்னாலிருந்து செய்கிறது. நெளிவு: தாளை நாலு பக்கமும் ஒட்டியிருப்பார்கள். பிப்ரவரி ஈரத்தில் தாள் விரியும், விரிய இடமில்லாததால் புடைக்கும். புள்ளிகள்: தாளில் உள்ள இரும்புத் துகளும் பூஞ்சையும். சாம்பல் பொடி: பூஞ்சை என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

கழற்றும் முறை. முகமூடி போட்டுக்கொண்டு, வாசலில் அல்லது வராந்தாவில், காற்று உங்களை விட்டு வெளியே போகும்படி நின்று செய்யுங்கள். சட்டத்தை முகம் கீழாக ஒரு துண்டின்மேல் வையுங்கள். பழுப்புத்தாளை விளிம்போடு வெட்டி எடுங்கள், ஆனால் லேபிளைத் தனியாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, யார் சட்டம் போட்டது என்ற வரலாறு அதில்தான் இருக்கும், விற்கும்போதும் அதற்கு மதிப்பு உண்டு. ஆணிகளைக் குறட்டால் நேராக இழுங்கள், நெம்பினால் கண்ணாடி விரியும். பிறகு பலகை, மவுண்ட், படம் மூன்றையும் ஒன்றாகத் தூக்குங்கள்.

தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இழுத்தால் மை கண்ணாடியோடு போய்விடும். அப்படியே தட்டையாக வைத்துத் தாள் பராமரிப்பு தெரிந்தவரிடம் கொடுப்பதுதான் வழி.

ஒட்டாமல் வந்தால், உலர்ந்த அறையில் ஒருநாள் விரித்து வையுங்கள். பூஞ்சை ஈரமாக இருக்கும்போது தூரிகை பட்டால் தீற்றலாகப் பரவும். காய்ந்து பொடியான பிறகுதான் மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தள்ள வேண்டும். அதன்பின் மை உள்ள பகுதியைத் தொடாமல், ஓரங்களில் மட்டும் புகைக்கரி துடைக்கும் ரப்பர் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். பழைய செல்லோடேப்பை உரிக்க முயலாதீர்கள், தாளின் மேல்தோல் கூடவே வரும்.

இஸ்திரி போட்டு நெளிவை எடுக்கிறேன் என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். தகட்டுத் தடமும், மை மேடாக நிற்பதும் சமமாகிவிடும். பிறகு அசல் தகட்டு அச்சுக்கும் ஆஃப்செட் நகலுக்கும் விரலளவு வித்தியாசம்கூட இருக்காது.

திரும்பச் சட்டம் போட: மவுண்டும் பின்னட்டையும் முழுப் பருத்தி மியூசியம் போர்டு. தாளின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல் (படத்தை அட்டையில் தொங்கவிடும் ஒட்டுத்துண்டு), ஒவ்வொன்றும் 2 க்கு 3 செ.மீ., கத்தரியால் வெட்டாமல் கிழித்தெடுத்தது. கீழேயும் பக்கவாட்டிலும் எதுவும் ஒட்டக்கூடாது, தாள் விரியவும் சுருங்கவும் இடம் வேண்டும். பசைக்குக் கோதுமை ஸ்டார்ச்: ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர், அரைமணி நேரம் கிண்டிக் காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டுங்கள். போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசை வேண்டாம். அதில் உள்ள புரதம் மஞ்சளாகும், ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

கண்ணாடிக்கும் தாளுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போடுங்கள். அச்சு மை கரியால் ஆனது, வெளிச்சத்தில் மங்காது, கெடுவது தாள். யாராவது கையால் வண்ணம் பூசியிருந்தால் அது சீக்கிரமே வெளுக்கும்.

இங்கே பலர் தவறுவது ஓர் இடத்தில். ஈரத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் டேப் போட்டு இறுக மூடுவார்கள், ஆனால் அட்டைகளே ஈரம் குடித்திருக்கும். மூடிய பிறகு அந்த ஈரம் உள்ளேயே சுற்றும், இரவில் சுவர் குளிர்ந்தால் கண்ணாடியின் உட்பக்கம் முத்து முத்தாகக் கோக்கும். அட்டைகள், படம் எல்லாவற்றையும் 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஏசி அறையில் இரண்டு நாள் பரப்பி வைத்துவிட்டு அங்கேயே மூடுங்கள். பின்னால் ஒரு பாலியெஸ்டர் தாள், ஓரமெல்லாம் டேப். ஒரு சின்ன ஈரமானி வாங்கிச் சுவரருகே வையுங்கள். 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை கிளம்பும்.

தெற்குச் சுவரில் மாட்டாதீர்கள். நம் ஊரில் வெயில் வடக்கிலிருந்து விழுகிறது, தெற்குச் சுவர் காய்வதில்லை. வெளிச்சுவரை விட உள்சுவர் நல்லது. சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து ஒரு செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். கொக்கி பித்தளையோ ஸ்டெயின்லெஸ்ஸோ. கடல் உப்பில் சாதா இரும்புக்கம்பி துருப்பிடித்து ஒருநாள் அறுந்துவிடும். மரச்சட்டத்தில் பூச்சி ஓட்டை இருந்தால் படம் இல்லாத வெறும் சட்டத்தை பாலிதீனில் காற்றுப்புகாமல் சுற்றி ஃப்ரீஸரில் இரண்டு வாரம்.

மேர்பேங்க்வாசி:

எல்லாருக்கும் நன்றி. கழற்றியாயிற்று, கண்ணாடியில் ஒட்டவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே கோடு எதுவும் இல்லை, தாள் கனமாகச் சீராக இருக்கிறது. தகட்டுத் தடம் மூன்று பக்கம் ஆழமாக இருக்கிறது, மேலே ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. கோடுகள் ஊசிமுனையாகத்தான் முடிகின்றன, புள்ளி இல்லை. முகங்களில் கறுப்பு கொஞ்சம் கனமாகவே படுகிறது. உள்ளறைப் பாதம் தெரிகிறது. ஊதா விளக்கில் ஒளிரவில்லை. வெறும் தண்ணீரில் ஊறவைத்துப் பழுப்பை எடுக்கலாமா?

அச்சுமை:

கனமான வோவ் தாள், ஆழமான தடம், கனத்த கோடு: அசல் தகட்டிலிருந்து, ஹீத் திருத்திய பின் எடுத்த அச்சு என்றுதான் சொல்வேன். 1822 அல்லது அதற்குச் சற்றுப் பின். பாதம் தெரிவது அப்போது மறுபடி ஆழப்படுத்தியதால் இருக்கலாம், அந்த ஒரு குறிப்பில் அக்காவோடு நான் ஒத்துப்போகவில்லை. போலி இல்லை, 1745-உம் இல்லை. ஆறும் சேர்ந்திருந்தால் விலை வேறு. பிரித்த தனித்தாள், ஓரம் வெட்டியது, புள்ளி விழுந்தது என்றால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ஊறவைப்பது பற்றி: தண்ணீரில் நனைத்தால் பழுப்பின் ஒரு பகுதி கரையும், உண்மைதான். கந்தல் தாள் அதைத் தாங்கும்.

சட்டமும் கண்ணாடியும்:

தாள் தாங்கும், செய்பவர் கை தாங்குமா? இந்த அளவுத் தாள் நனைந்தால் தன் எடையிலேயே கிழியும். கீழே பாலியெஸ்டர் வலை வைத்துத் தூக்கத் தெரிய வேண்டும். செல்லோடேப் பசை இருந்த இடம் நனையாமல் நிற்கும், மற்ற இடம் வெளுக்கும்; நாலு பக்கமும் திட்டுத் திட்டாகத் தெரியும். பாதி நனைந்த இடத்தில் கறை கோடாக ஒதுங்கும், அதை எடுப்பது புள்ளியை எடுப்பதைவிடக் கஷ்டம். தடத்தைக் கெடுக்காமல் காயவைப்பது தனி வேலை. பூஞ்சை நின்றுவிட்டால் புள்ளி அங்கேயே இருக்கட்டும். அகலமான மவுண்ட் போட்டால் விளிம்புக் கோடு மறைந்துவிடும், ஆனால் தகட்டுத் தடத்தை மறைக்காதீர்கள், மவுண்டின் ஜன்னலை அதற்கு வெளியே அரை செ.மீ. தள்ளி வெட்டச் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் அக்கா:

பாதம் விஷயத்தில் தம்பி சொல்வது சரி, திருத்திய தகட்டுக்கு அந்தச் சோதனை செல்லாது.

இந்தப் படம் பிடித்திருந்தால் நம் ஊர்க்காரர்கள் இதை என்ன செய்தார்கள் என்றும் பாருங்கள். 1987-இல் வில்லியம் கென்ட்ரிட்ஜ், டெபோரா பெல், ராபர்ட் ஹாட்ஜின்ஸ் மூவரும் ‘ஹோகார்த் இன் ஜோஹன்னஸ்பர்க்’ என்று சேர்ந்து தகட்டச்சு செய்தார்கள். ‘மேரேஜ் ஆ-லா-மோட்’ எடுத்துக்கொண்டவர் பெல். ஹாட்ஜின்ஸ் ‘எ ரேக்ஸ் புரோகிரஸ்’. கென்ட்ரிட்ஜ் எடுத்தது ‘இண்டஸ்ட்ரி அண்டு ஐடில்னஸ்’. ஹோகார்த்தின் 1747 வரிசையில் உழைப்பவன் மேயராகிறான், சோம்பேறி தூக்கில் தொங்குகிறான். கென்ட்ரிட்ஜ் அதைத் தலைகீழாக்கினார், அப்போதைய ஜோஹன்னஸ்பர்க்கில் உழைத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அச்சு வேலை நடந்தது நம் மிட்லண்ட்ஸில், மால்கம் கிறிஸ்டியன் 1985-இல் தொடங்கிய காவர்ஷம் பிரஸ்ஸில். மாரிட்ஸ்பர்க் டேட்டம் ஆர்ட் கேலரியிலோ டர்பன் சிட்டி ஹாலில் உள்ள கேலரியிலோ தகட்டச்சுகள் காட்சிக்கு வரும்போது லென்ஸோடு போங்கள். உளிக்கோடும் அமிலக்கோடும் கண்ணுக்குப் பழகிவிடும்.

அப்புறம், அந்த லேபிளை அமிலமில்லாத உறையில் போட்டுப் புதுப் பின்னட்டைக்கு வெளியே ஒட்டுங்கள், உள்ளே வேண்டாம். பசை உள்ளே போனால் பூச்சியும் போகும்.